தீ படாத தழை

சனிக்கிழமை காலை ஏழு மணிக்குச் சிங்கப்பூர் தேக்காச் சந்தைப் பக்கத்துப் பஃபளோ சாலையில் கால் வைத்தால் கொத்தமல்லி வாசம்தான் முதலில் வந்து சேரும். முருங்கைக்காய்க் கட்டு, வாழைப்பூ, சின்ன வெங்காய மூட்டை, சேனைக்கிழங்கு எல்லாம் நடைபாதை வரை பரந்து கிடக்க, நடுவே வேரும் மண்ணுமாக அந்தப் பச்சைக் கட்டுகள். நான் வழக்கமாக வாங்கும் கடையில் மன்னார்குடிப் பக்கத்துப் பையன் ஒருவர் நிற்கிறார். "வேரை நறுக்கித் தரவாக்கா?" என்று வாராவாரம் கேட்பார். "வேண்டாம் தம்பி, அப்படியே குடு" என்று நானும் வாராவாரம் சொல்வேன்.

"ஏன்க்கா, தூக்கிப் போடுற வேரை வீடு வரைக்கும் சுமந்துட்டுப் போறீங்க?" என்று போன மாதம் கேட்டுவிட்டார். எனக்குப் பின்னால் நாலு பேர் காத்திருந்தார்கள், நின்று சொல்ல முடியவில்லை. அவருக்குச் சொல்ல நினைத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் ஒரு மருத்துவமனை ஆய்வுக்கூடத்தில் 31 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். நுண்ணுயிர்ப் பிரிவு. வயிற்றுப்போக்கோடு வருபவர்களின் மல மாதிரியை அகார் தட்டில் கோடு கோடாக இழுத்து, இரவு முழுவதும் 37 டிகிரிச் சூட்டில் வைத்து, காலையில் என்ன முளைத்திருக்கிறது என்று பார்க்கும் வேலை. ஈ.கோலை என்றால் ஒருவகைத் தட்டில் இளஞ்சிவப்பு மணிகளாக எழும்பியிருக்கும். சால்மொனெல்லா என்றால் இன்னொரு வகைச் சிவப்புத் தட்டில், ஒவ்வொரு மணியின் நடுவிலும் மை வைத்ததுபோலக் கறுப்புப் பொட்டு இருக்கும். அந்தக் கிருமி விடும் கந்தக வாயு தட்டில் கலந்திருக்கும் இரும்போடு சேர்ந்து வரும் கறுப்பு அது. பார்த்துப் பழகிய கண்ணுக்கு ஒரு நொடி போதும்.

கீரையிலும் தழையிலும் கிருமி தோட்டத்திலேயே ஏறிவிடுகிறது. சரியாக மக்காத கோழி எரு, பாய்ச்சும் வாய்க்கால் தண்ணீர், பறிக்கும் கை, கட்டுகளை முக்கி எடுக்கும் தொட்டி, அடுக்கும் கூடை என்று எத்தனையோ வழி. சிங்கப்பூர் தன் உணவில் 90 விழுக்காட்டுக்கும் மேல் வெளியிலிருந்து வாங்கும் ஊர். கேமரன் மலையிலிருந்தும் ஜோகூரிலிருந்தும் லாரியில் வருகிறது, சீனாவிலிருந்து கப்பலில் வருகிறது, நம் ஊர் முருங்கையும் கறிவேப்பிலையும் விமானத்தில் வருகின்றன. பாசிர் பாஞ்சாங் மொத்த விற்பனைச் சந்தையில் இறங்கி, பிரிந்து, தேக்காவுக்கு வந்து சேர்வதற்குள் ஒரு கட்டு மல்லி எத்தனை கை மாறியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். 2019 ஏப்ரலில் அமைந்த சிங்கப்பூர் உணவு அமைப்பு மாதிரிகள் எடுத்துச் சோதிக்கிறது. ஆனால் ஒவ்வொரு இலையையும் சோதிக்க எந்த நாட்டாலும் ஆகாது.

இதைப் படித்துவிட்டுக் காய்கறியே வாங்கப் பயப்பட வேண்டாம். காய்கறியில் கிருமி இருப்பது இயல்பு, அதில் பெரும்பாலானவை நமக்கு ஒன்றும் செய்யாதவை. மிச்சத்தை நம் அடுப்பு பார்த்துக்கொள்கிறது. உணவின் உள்சூடு 70 டிகிரியைத் தொட்டால் சால்மொனெல்லாவும் ஈ.கோலையும் தாங்காது. சாம்பாரும் கூட்டும் பொரியலும் அதைவிட எவ்வளவோ மேலே கொதிக்கின்றன. நம் சமையல் பெரும்பாலும் தீயின் சமையல். அதனால்தான் மண்ணோடு வரும் கீரையை ஆயிரம் ஆண்டாகச் சாப்பிட்டுப் பிழைத்திருக்கிறோம்.

ஆபத்து, அடுப்பை அணைத்த பிறகு சேர்க்கிறோமே, அதில் இருக்கிறது. பிரியாணி மேல் தூவும் மல்லி, தயிர்ப் பச்சடிக்கு நறுக்கும் வெள்ளரி, வெங்காயம், அரைத்த தேங்காய்ச் சட்னி, தயிர் வடைக்கு மேல் போடும் துருவிய கேரட், எலுமிச்சை பிழிந்த முளைப்பயறு. இவை எதுவும் தீயைப் பார்ப்பதில்லை.

இந்த ஊர்த் தமிழர்கள் மறக்கக் கூடாத ஒரு சம்பவத்தை இங்கே சொல்ல வேண்டும். 2009 ஏப்ரல் தொடக்கத்தில் கேலாங் சிராய் தற்காலிகச் சந்தையில் ஒரு கடையில் இந்திய ரோஜாக் சாப்பிட்டவர்கள் வரிசையாக மருத்துவமனைகளுக்கு வந்தார்கள். ரோஜாக் நம் தமிழ் முஸ்லிம் சமையல்காரர்கள் இந்த ஊரில் வளர்த்த பலகாரம். வடை, இறால் பொரித்தது, உருளைக்கிழங்கு, அவித்த முட்டை, டெம்பே என்று கண்ணாடிப் பெட்டியிலிருந்து நாம் எடுத்துத் தருவதைச் சூடுகாட்டித் துண்டு போட்டு, காரமும் இனிப்புமான சிவப்புக் குழம்போடு தருவார்கள். பக்கத்தில் பச்சை வெள்ளரி, வெங்காயம், மிளகாய். ஏறக்குறைய எல்லாமே எண்ணெய்ச் சட்டியைப் பார்த்துவிட்டு வந்த பண்டம். அப்படியிருந்தும் 154 பேர் நோயுற்றார்கள். இரண்டு பெண்கள் இறந்துபோனார்கள். இன்னொரு பெண்ணுக்குக் கரு கலைந்தது.

கிருமியின் பெயர் விப்ரியோ பாராஹீமோலிட்டிகஸ். வெதுவெதுப்பான கடல் தண்ணீரில் வாழ்வது. பச்சைக் கடலுணவிலிருந்து அது, சமைத்து முடித்த ரோஜாக்குக்கோ அதன் குழம்புக்கோ தாவியிருக்கிறது என்று விசாரித்தவர்கள் முடிவுக்கு வந்தார்கள். சமைத்ததும் சமைக்காததும் ஒன்றையொன்று தொட்டிருக்கின்றன. தீயின் காவலைத் தாண்டி வந்த உணவில் திரும்பவும் கிருமி ஏறினால் அதைத் தடுக்க வேறு காவல் கிடையாது. கடலுணவில் இருந்ததால் அந்த முறை விப்ரியோ. கோழியாக இருந்தால் சால்மொனெல்லா. மண் ஒட்டிய மல்லி வேரை வெட்டிய கத்தியாலேயே அடுத்து வெள்ளரியை நறுக்கினால் அந்த மண்ணில் இருப்பது எதுவோ அது. பெயர்தான் மாறும், வழி ஒன்றுதான்.

இதை நான் ஊர்க்கதையாகச் சொல்லவில்லை. 1996-இல் என் மகனின் ஐந்தாவது பிறந்தநாளைத் தோ பாயோவில் எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் கொண்டாடினோம். அறுபது பேருக்குக் கோழி பிரியாணி, முட்டை, தயிர்ப் பச்சடி. விடியற்காலையில் ஆறு கிலோ கோழியை மரப்பலகையில் வெட்டி மசாலா போட்டு வைத்தேன். பிறகு பலகையைக் குழாயடியில் பிடித்து அலசி என் நாத்தனாரிடம் கொடுத்தேன். "அண்ணி, இதிலேயே வெள்ளரி நறுக்கட்டுமா?" என்று அவள் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. "நறுக்கு" என்றேன். ஆய்வுக்கூடத்தில் ஒரு மாதிரியிலிருந்து அடுத்ததற்குக் கம்பி வளையத்தைத் தீயில் காட்டாமல் ஒருநாளும் போனதில்லை நான். வீட்டில், பந்தி அவசரத்தில், அந்த நினைப்பே வரவில்லை.

ஒன்பது மணிக்கு நறுக்கிய வெள்ளரி, பதினொரு மணிக்குத் தயிரில் கலந்து, ஒன்றரை மணிக்கு இலைக்கு வந்தது. சிங்கப்பூர் வெயில் உங்களுக்குத் தெரியும். மறுநாள் காலையிலிருந்து தொலைபேசி மணி ஓயவில்லை. பதினொரு பேருக்குக் காய்ச்சல், வயிற்றுப்போக்கு. என் அத்தைக்கு, அப்பாவின் அக்காவுக்கு, அப்போது 72 வயது, சர்க்கரை வேறு. ஐந்து நாள் மருத்துவமனையில் கிடந்தார். அவருடைய மாதிரி எங்கள் ஆய்வுக்கூடத்துக்கே வந்தது. கூட வேலை பார்த்த தோழி ஒன்றும் பேசாமல் தட்டை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிக் காட்டினாள். கறுப்புப் பொட்டுகள்.

பச்சடியில் ஒரு கரண்டிகூட மிச்சமில்லை, சோதிக்க வழியில்லை. அதனால் உட்கார்ந்து ஒரு தாளில் எழுதினேன்: யார் எதைச் சாப்பிட்டார்கள், யாருக்கு என்ன ஆனது. பிரியாணி எல்லோரும் சாப்பிட்டார்கள். நோயுற்ற பதினொரு பேரும் பச்சடி சாப்பிட்டவர்கள். பச்சடி வேண்டாம் என்ற குழந்தைகளில் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கோழி தீயில் வெந்துவிட்டது. வெள்ளரி வேகவில்லை. வீட்டுக்கு வந்த அத்தை, "நீ வேணும்னேவா செஞ்சே? விடும்மா" என்றார். அந்தப் பேச்சை என்னால் இன்றுவரை விட முடியவில்லை.

பெரிய அளவில் நடக்கும் விசாரணையும் இப்படித்தான் நடக்கிறது, தாளும் பேனாவுமாக. 2011 மே மாதம் வட ஜெர்மனியில் திடீரென்று நூற்றுக்கணக்கானவர்கள் இரத்தப்போக்கோடு மருத்துவமனைக்கு வந்தார்கள். பலருக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. ஈ.கோலையில் கொடிய ஒரு வகை. நோயாளிகளைக் கேட்டபோது தக்காளி, வெள்ளரி, சாலட் இலை என்றார்கள். ஸ்பெயின் நாட்டு வெள்ளரி மேல் பழி விழுந்தது, அங்கே விவசாயிகள் விளைச்சலைக் கொட்டி அழித்தார்கள். வெள்ளரி குற்றமற்றது என்று பிறகு தெரிந்தது. உணவகங்களின் ரசீதுகளையும், சாப்பிட வந்தவர்கள் எடுத்த படங்களையும் வைத்து, எந்தத் தட்டில் சமையற்காரர் எதைப் போட்டார் என்று தேடியபோதுதான் உண்மை வெளிவந்தது. மேலே அலங்காரமாக ஒரு பிடி தூவிய முளைதானியம்! அதைச் சாப்பிட்டதாகவே பலருக்கு நினைவில்லை.

அந்த முளை எதிலிருந்து முளைத்தது தெரியுமா? வெந்தயம். எகிப்திலிருந்து போன வெந்தய விதை. ஏறத்தாழ 4,000 பேர் நோயுற்றார்கள், 50-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

நம் வீட்டில் சர்க்கரைக்கு நல்லது என்று வெந்தயத்தை முளைகட்டிப் பச்சையாகச் சாப்பிடுபவர்கள் எத்தனை பேர்! முளைகட்டுவது என்றால் ஈரம், வெதுவெதுப்பு, மூன்று நாள். விதைக்கு மட்டுமல்ல, விதையின் பிளவில் ஒட்டியிருக்கும் கிருமிக்கும் அதுதான் மெத்தை. ஆய்வுக்கூடத்தில் நாங்கள் கிருமியை வளர்ப்பதும் அப்படித்தான். முளைப்பயறையும் முளைவெந்தயத்தையும் ஆவியில் ஒரு கொதி காட்டிச் சாப்பிடுங்கள். மீ ரெபுஸ் கடையில் போடும் தவ்கே முளையும் அப்படித்தான், வெந்நீரில் நன்றாக முக்கித் தரச் சொல்லிக் கேளுங்கள்.

அலங்காரத்தை யாரும் சாப்பாட்டில் சேர்த்து எண்ணுவதில்லை. கொத்தமல்லியும் அப்படித்தான் நம் கண்ணிலிருந்து தப்பிவிடுகிறது.

என் அம்மா எண்ணினார். அவர் வளர்ந்த சிங்கப்பூரில் வாளிக் கழிப்பறை இருந்தது. அந்த முறை 1987 ஜனவரியில்தான் முற்றாக முடிந்தது. முந்தைய தலைமுறைகளில் அந்த வாளிக் கழிவு காய்கறித் தோட்டங்களுக்கு உரமாகப் போன காலமும் உண்டு. டைஃபாய்டு பயமும் இருந்தது. அம்மாவுக்குக் கிருமியின் பெயரெல்லாம் தெரியாது. ஆனால் பச்சை இலை எதையும் அவர் எங்களுக்குத் தந்ததில்லை. ரசம் நுரைகட்டி விளிம்புக்கு ஏறும்போது மல்லியைப் போடுவார், தட்டால் மூடுவார், அதற்கப்புறம்தான் அடுப்பை அணைப்பார். அந்த மூடிக்குள் இலை சுருண்டு வதங்கிவிடும். வாசம் போகாமல் இருக்க என்பார். வாசத்தையும் காத்தது, எங்களையும் காத்தது.

சாலட்டும் பச்சடியும் வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். தீ இல்லாத இடத்தில் கழுவுவதுதான் வழி, ஆனால் கழுவுவதற்கு ஓர் எல்லை உண்டு. ஓடும் குழாய் நீரில் நன்றாக அலசினால் நூற்றுக்குத் தொண்ணூறு கிருமி போகும், மிகக் கவனமாகச் செய்தால் தொண்ணூற்றொன்பது வரை. பத்து லட்சம் இருந்தால் பத்தாயிரமாவது மிஞ்சும். இலையின் நுண்துளைகளிலும், வெட்டுவாயிலும் புகுந்தது எளிதில் வெளியே வராது. கடைத் தம்பியிடம் வேரை வெட்ட வேண்டாம் என்று சொல்வதற்குக் காரணம் இதுதான். காலையிலிருந்து மண் ஒட்டிய ஐம்பது கட்டை வெட்டிய கத்தி, ஈரமான தண்டைத் திறந்துவிடுகிறது. அந்தத் திறந்த வாயோடு கட்டு மணிக்கணக்கில் பைக்குள் கிடக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக வேரை நானே நறுக்கி எறிவேன். கத்தியைக் கழுவுவேன். அகலமான பாத்திரத்தில் தண்ணீர் நிரப்பி, தழையை அமுக்கி, விரல்களால் விரித்துவிட்டு இரண்டு நிமிடம் விடுவேன். மண் அடியில் இறங்கும். அப்போது தழையைத் தண்ணீரிலிருந்து மேலே தூக்கி எடுக்க வேண்டும். பலர் பாத்திரத்தை அப்படியே வடிகட்டியில் கவிழ்க்கிறார்கள். அடியில் இறங்கிய சேறு முழுக்கத் திரும்பவும் இலைமேல் விழும். தண்ணீரை மாற்றி, அடியில் மணல் ஒரு பொட்டும் தெரியாதவரை மூன்று நாலு முறை இப்படிச் செய்து, கடைசியில் ஓடும் குழாயில் பிடித்து அலசி, சுத்தமான துணியில் விரித்து ஈரம் போக்க வேண்டும். ஈரம் போனால் கிருமி பெருகுவது குறையும், தழையும் அழுகாது.

உப்பும் மஞ்சளும் போட்டால் போதாதா என்று என் மருமகளும் கேட்டாள், வாட்ஸ்அப்பில் தினமும் யாரோ அனுப்புகிறார்கள். உப்புத் தண்ணீரில் புழுவும் பூச்சியும் விலகும், அது உண்மை. கிருமி சாவதற்கு ஒரு கரண்டி உப்பு போதாது. கேலாங் சிராயில் இரண்டு உயிரைக் குடித்த விப்ரியோ கடலில் வாழ்வது. உப்பு இல்லாவிட்டால்தான் அது வளராது. சவர்க்காரம், பாத்திரம் கழுவும் திரவம் இவற்றையும் காய்கறிமேல் போடாதீர்கள், இலை அவற்றை உறிஞ்சும். மருந்தடித்த காய்க்குப் பயப்படும் நாம், கோழி வெட்டிய பலகைக்குப் பயப்படுவதில்லை. என்னைக் கேட்டால் முதலில் பயப்பட வேண்டியது பலகைக்கு.

பச்சை இறைச்சி கீரையைத் தொடுவது தேக்காவிலிருந்தே தொடங்கிவிடுகிறது. ஈரச்சந்தையில் ஆட்டிறைச்சி, மீன், கோழி வாங்கி, வெளியே வந்து கீரை வாங்கி, எல்லாவற்றையும் ஒரே தள்ளுபைக்குள் போட்டுக்கொண்டு எம்ஆர்டி ஏறுகிறோம். கோழிப் பையின் முடிச்சிலிருந்து இளஞ்சிவப்புத் தண்ணீர் கசிந்து கீரையில் இறங்குவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். நான் இரண்டு பை கொண்டுபோகிறேன். கீரையைத் தோளில் மாட்டிக்கொள்வேன். குளிர்சாதனப் பெட்டியிலும் இதே சிக்கல் உண்டு, அதன் அமைப்பே நமக்கு எதிராக இருக்கிறது. காய்கறித் தட்டு கீழே, கோழி வைப்பது மேல்தட்டில். கசிந்தால் நேராகக் கீரைக்குத்தான். கோழியை மூடிபோட்ட ஆழமான டப்பாவில் வைக்காமல் அந்தப் பெட்டிக்குள் நுழைய விடுவதில்லை என்பது 1996-க்குப் பிறகு என் வீட்டுச் சட்டம். பச்சையாகச் சாப்பிடுபவற்றுக்கு ஒரு பலகை, மற்றதற்கு ஒரு பலகை. இரண்டும் வேறு வேறு நிறம், அவசரத்தில்கூட மாறாது.

இன்னொரு பகை நேரம். சூடும் ஈரமும் வாய்த்தால் ஈ.கோலை இருபது நிமிடத்தில் இரண்டாகும். கணக்குப் போடுங்கள்: ஒன்று, நாலு மணி நேரத்தில் 4,096. நூறில் தொடங்கினால் நாலு லட்சத்துக்கு மேல். விருந்துச் சாப்பாட்டை நாலு மணி நேரத்துக்குள் சாப்பிடச் சொல்லி இந்த ஊரில் நேரம் குறித்த சீட்டு ஒட்டுவதற்குப் பின்னால் இருப்பது இந்தக் கணக்குதான். 2018 நவம்பரில் ரிவர் வேலியில் ஒரு கடையிலிருந்து போன உணவுப் பெட்டிகளைச் சாப்பிட்டு எழுபதுக்கும் மேற்பட்டோர் நோயுற்றார்கள், ஒருவர் இறந்தார். சால்மொனெல்லா. இறந்தவர் வேலைக்குப் போகிற வயதில் இருந்தவர்.

அடுத்த மாதம் என் மகளுக்கு வளைகாப்பு. எண்பது பேர், சமையலுக்கு ஆள் சொல்லியிருக்கிறோம். போன வாரம் அவர் வந்து உட்கார்ந்து பட்டியல் எழுதினார். ஏழு வகைச் சாதம், வடை, பாயசம், தயிர்ப் பச்சடி, தேங்காய்ச் சட்னி.

"அண்ணே, பச்சடிக்கு வெள்ளரிய முழுசா கொண்டாங்க. இங்கேயே, இலை போடுறதுக்கு அரை மணி முன்னால நறுக்கணும். பலகையும் கத்தியும் நான் தர்றேன்" என்றேன்.

"கொண்டாரலாம்மா."

"சட்னி ரெண்டு தடவையா வரணும். ரெண்டாவது ஐஸ் பெட்டியிலயே இருக்கட்டும், கேட்கும்போது எடுத்தாப் போதும். மல்லி எதுக்கும் மேல தூவ வேண்டாம்."

பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "மல்லி இல்லாம எப்படிம்மா? பார்க்க நல்லாயிருக்காதே."

மகள் உள்ளே படுத்திருந்தாள், ஏழாம் மாதம். நான் அவரிடம் அத்தையின் கதையை முதலிலிருந்து சொன்னேன். கேட்டு முடித்ததும் அவர் பட்டியலில் 'மல்லி' என்று எழுதியிருந்ததை அடித்துவிட்டு, பக்கத்தில் 'ரசம் கொதிக்கும்போது' என்று எழுதிக்கொண்டார்.